கேமரூன் யானைக்குக் கவலை இல்லை

போன மாதக் கடைசியில் எனக்கு ரிடையர்மென்ட். அடுத்த வாரமே ஆபீசிலிருந்து எச்.ஆர். பெண் போன் பண்ணினாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிப்பதற்கு என் அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதித் தரணுமாம். இப்போது பிழை பார்க்கிற வேலையை முக்கால்வாசி கம்ப்யூட்டரே செய்துவிடுகிறதே, என் அனுபவத்தை வைத்துக்கொண்டு என்ன பண்ணப் போகிறீர்கள் என்று கேட்டேன். அது 'சரி' என்று சொன்னால் எல்லாரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள், அதற்குத்தான் அக்கா என்றாள். நம்பிக் கெட்டவள் எழுதுவதுதான் முறை என்று எனக்கும் தோன்றியது. ரெண்டு பக்கத்தில் அடங்கவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை.

என் பெயர் வளர்மதி, ஊர் ஏம்பலம். வேலை பார்த்தது வில்லியனூர் பக்கத்தில் ஒரு டைப்செட்டிங் கம்பெனி. வெளிநாட்டில் யாரோ புத்தகம் எழுதுவார்கள். நாங்கள் இங்கே அதை அடித்து, அட்டவணை போட்டு, படம் வைத்து, பிழை பார்த்துப் பக்கமாக்கி அனுப்புவோம். அவர்கள் அங்கே அச்சடித்துக்கொள்வார்கள். முப்பத்தோரு வருஷம். இதய ஆபரேஷன், ரோமாபுரிச் சட்டம், பாலம் கட்டும் சாஸ்திரம் எல்லாம் என் கைவழியே போயிருக்கிறது. ஒன்றும் தலையில் தங்கவில்லை. ஆனால் கேமரூன் நாட்டுக் காட்டில் எந்த மிருகம் என்ன கதியில் இருக்கிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், வரிசையாக ஒப்பிப்பேன். கேமரூன் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும், ஆப்பிரிக்கா அக்குளில் மடங்கும் பாருங்கள், அங்கே என்று கை காட்டுவேன்.

வேலை கற்றுக்கொண்ட கதையை ரெண்டு வரியில் முடித்துவிடுகிறேன். ஆறு மாதம் அடித்ததையே திரும்ப அடித்தேன், ஆறு மாதம் மற்றவர்கள் அடித்ததைத் திருத்தினேன், அதற்குள் எனக்குக் கண்ணாடி வந்துவிட்டது. அந்த ஒரு வருஷத்தில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிள்ளையார் சுழி போடாமல் எதையும் ஆரம்பிக்க வராது. மளிகைச் சீட்டானாலும் மேலே ஒரு சுழி இருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. அதனால் ஒவ்வொரு வேலையிலும் முதல் இடத்தில் 2 என்று அடித்து, அதையே சுழியாகப் பாவித்துக்கொள்வேன். ஒரு தடவை அதை எடுக்க மறந்து அனுப்பிவிட்டேன். இரண்டாம் அடிக்குறிப்பு எங்கே என்று கேட்டு ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. ஆபீஸ் மொத்தமும் மூன்று நாள் இல்லாத அடிக்குறிப்பைத் தேடியது. நான்காம் நாள் நான் ஞானப்பிரகாசம் சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

சார் எங்கள் பிழைதிருத்தும் பிரிவுக்குத் தலைவர். வில்லியனூர்க்காரர். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், அதனால் சாருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத மனிதர். என் பிள்ளையார் கதையைக் கேட்டுவிட்டு, சுழி போடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. போடு, ஆனால் வேலை முடிந்ததும் சதுர்த்திப் பிள்ளையாரைக் கரைக்கிற மாதிரி கரைத்துவிடு என்றார். அன்றிலிருந்து எந்த வேலையும் வெளியே போகுமுன் தன் மேஜையிலிருந்தே கேட்பார், "பிள்ளையாரைக் கரைச்சாச்சா?" கரைச்சாச்சு சார் என்போம். பைல் போகும்.

சார் பிழை பார்க்கிற விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பன்னிரண்டு அங்குல ஸ்டீல் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, அந்த வரி முடிந்தால்தான் ஸ்கேல் கீழே இறங்கும். நடுவில் முதலாளியே வந்து நின்றாலும் வரி முடிந்த பிறகுதான் தலை நிமிரும். டீ வந்தால் தட்டால் மூடி வைத்து, ஜில்லென்று ஆன பிறகு குடிப்பார். 'தப்பு' என்ற வார்த்தை அவர் வாயில் வராது. "இங்க ஒரு சின்ன சந்தேகம்" என்பார், நாம் முதல் வரியிலிருந்து திரும்பப் பார்க்க ஆரம்பிப்போம். அவர் மரியாதையும் தலைகீழ். மனசு நன்றாக இருந்தால் 'வாம்மா' என்பார். சந்தேகம் வந்தால் 'வாங்க' என்பார். 'வாங்க மேடம்' என்று கூப்பிட்டால் டிபன் பாக்ஸைப் பையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு முறை மேனேஜரை 'ஐயா' என்று கூப்பிட்டார், மேனேஜர் அன்று மத்தியானமே லீவு போட்டுவிட்டுப் போனார்.

பிறகு தமிழ் எழுத்து வந்தது, என் 2 நிஜமான உ ஆனது. வருஷங்கள் ஓடின. கொரோனா முடிந்து ஆபீஸ் திரும்பத் திறந்த சமயத்தில்தான் கேமரூன் வந்து சேர்ந்தது.

அந்த நாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுதிய கையேடு அது. காட்டில் காவல் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதற்காக எழுதியது. அங்கே பிரெஞ்சும் இங்கிலீஷும் இரண்டுமே ஆட்சி மொழி. பிரெஞ்சுப் பக்கத்தை சார் பார்த்தார், இங்கிலீஷ் என்னிடம் வந்தது. புத்தகத்துக்கு உயிர்நாடி என்றால் கடைசியில் வருகிற ஒரு பக்க அட்டவணை. பதினாறு முக்கியமான பாலூட்டிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னப் படம், எதிரே உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் நிலை. நிலைகளுக்கு நீள நீளமான பெயர்கள். வாயில் நுழையாததால் எங்களுக்குள் வேறு பெயர் வைத்துக்கொண்டோம். ஏராளமாக இருந்தால் 'கவலை இல்லை'. அதற்கடுத்து 'கொஞ்சம் கஷ்டம்'. அப்புறம் 'ரொம்பக் கஷ்டம்'. அழிவின் விளிம்பில் நின்றால் 'இழுத்துக்கினு கெடக்குது'. அடியோடு அழிந்துவிட்டால் 'போய்ச் சேர்ந்தது'.

புத்தகம் நான்கு மாதம் எங்கள் தலையில் ஏறி உட்கார்ந்திருந்ததில், எங்களையே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டோம். முதலாளியின் மச்சான் என்பதால் மேனேஜருக்குக் கவலை இல்லை. மூன்று தடவை பணி நீட்டிப்பு வாங்கிய சார் இழுத்துக்கினு கெடக்குது. இதை அவரிடமே சொன்னோம், ஸ்கேலை எடுக்காமலே சிரித்தார். ரிடையர் ஆனவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். புஷ்பா ரொம்பக் கஷ்டம். அதை அவளே தனக்கு வைத்துக்கொண்டாள்.

புஷ்பா என் சிநேகிதி, குருவிநத்தத்துக்காரி, என்னைவிட ரெண்டு வயது சின்னவள். கரிக்கலாம்பாக்கத்தில் அவளுக்கு நான் பஸ்ஸில் இடம் போட்டு வைப்பேன். எங்கள் கம்பெனியிலும் ஒரு சிவப்புப் பட்டியல் இருந்தது. பெரிய தப்பு வெளியே போனால் நோட்டீஸ் போர்டில் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி வைப்பார்கள். ஒரே வருஷத்தில் மூன்று விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புஷ்பாவுக்கு அந்த வருஷம் ஏற்கெனவே ரெண்டு. ஒன்று, கல்லீரல் படத்துக்குக் கீழே சிறுநீரகம் என்று போட்டது. மற்றது, ஒரு பாலத்தைத் தலைகீழாக வைத்தது. எப்படி வைத்தாலும் பாலம் பாலம்தானே என்று சாரிடமே வாதாடினாள். வெளியே சிரித்தாளே தவிர உள்ளுக்குள் நடுக்கம். அவள் வீட்டுக்காரர் பயிர் வைத்தது ஆற்றோரக் குத்தகை நிலத்தில். ஆற்றில் தண்ணீர் வந்தால் அது ஆற்றுக்குச் சொந்தம். மாதம் பிறந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் வேலையால்தான். எனக்கோ இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அந்தக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

பைல் போக வேண்டிய வெள்ளிக்கிழமை. காலையில் பேராசிரியரிடமிருந்து ஒரு மெயில். சிவப்புப் பட்டியலில் ஆப்பிரிக்க யானையை இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்களாம், காட்டு யானையின் நிலை ரொம்ப மோசமாகிவிட்டதாம். மற்றதையும் திரும்பச் சரிபார்த்திருப்பதாகச் சொல்லி, நிலைகள் மொத்தத்துக்கும் புதுப் பட்டியல் அனுப்பியிருந்தார். அதனால் அட்டவணையில் மேலிருந்து கீழே ஓடுகிற நிலைப் பத்தியை மட்டும் துடைத்துவிட்டுத் திரும்ப அடிக்க உட்கார்ந்தேன்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். நான் அட்டவணை அடிக்கும்போது பத்தியின் முதல் கட்டத்தில் உ போடுவேன். ரெண்டாம் கட்டத்திலிருந்து விஷயத்தை அடித்துக்கொண்டே போவேன். எல்லாம் ஒரு படி தள்ளித்தான் நிற்கும். முடிந்ததும் உ இருக்கிற அந்த முதல் கட்டத்தையே நீக்கிவிட்டால், பத்தி மொத்தமும் ஒரு படி மேலே ஏறி, அததது அதனதன் பெயருக்கு நேரே உட்கார்ந்துகொள்ளும். கரைப்பது என்றால் இதுதான். அன்று பதினாறையும் அடித்து முடித்த நேரத்தில் வீட்டிலிருந்து போன். கரும்பு வெட்டுகிற ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார்களாம். அவர்களைத் திருப்பி அனுப்பினால் மறுபடி பிடிக்க ஒரு மாதம் ஆகும். நான் எழுந்து, "மேல பிள்ளையார் இருக்காரு, கரைச்சிட்டுக் குடுத்துடுடி" என்று புஷ்பாவிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

புஷ்பா கரைத்தாள். அவள் கரைத்தது எழுத்தை. கட்டத்தை அல்ல. உ அழிந்தது, கட்டம் காலியாக அங்கேயே நின்றது. காலியாக இருக்கிறதே என்று பேராசிரியரின் பட்டியலைப் பார்த்து முதல் பிராணிக்கு என்ன நிலையோ அதைப் போட்டு நிரப்பினாள். சரியாகத்தான் போட்டாள். அதற்குக் கீழே இருந்த எல்லாம் ஒரு படி இறங்கியபடியே இருந்தது. கடைசி நிலை அட்டவணைக்கு வெளியே தொங்கியது, பக்கம் போடுகிற மென்பொருள் அதைக் கத்தரித்துவிட்டது.

சார் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார். கடைசி நேரத் திருத்தம் என்றால் அவருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு, தலை, இடுப்பு, கால். முதல் வரி, நடு வரி, கடைசி வரி. முதல் வரி ஆர்ட்வார்க், பன்றி மூஞ்சியும் முயல் காதும் உள்ள ஒரு ஜென்மம். கவலை இல்லை, சரி. நடுவில் சிங்கம், கொஞ்சம் கஷ்டம், சரி. ஏனென்றால் அதற்கு மேலே இருந்த மாண்ட்ரில் குரங்குக்கும் அதே நிலைதான். கடைசியில் கரும்பு எலி, கவலை இல்லை, சரி. அதற்கு மேலே இருந்த பன்றிக்கும் அதே. மூன்று இடத்திலும் பிள்ளையார் சாருக்குக் கண்ணைக் கட்டிவிட்டார். பிள்ளையாரைக் கரைச்சாச்சா என்று சார் வழக்கம்போலக் கேட்டார். கரைச்சாச்சு சார் என்றாள் புஷ்பா. பைல் போய்விட்டது.

சனிக்கிழமை அரை நாள். ஆளுக்கு ஒரு கட்டு பழைய ப்ரூஃப் தாளை வீட்டுக்கு எடுத்துப் போவோம், குழம்புச் சட்டிக்கு அடியில் போட, அலமாரியில் விரிக்க. நானும் எடுத்துப் போனேன். ஞாயிறு மத்தியானம் வெட்டு ஆட்களுக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு, எங்க வீட்டுக்காரருக்கு இலை போட்டேன். அவர் பன்னிரண்டாவது வரை படித்தவர், கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வியாதி உண்டு. சட்டிக்கு அடியில் இருந்த தாளில் பன்றிப் படத்துக்கு எதிரே இருந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். அப்பளம் பொரித்துக்கொண்டே, பூண்டோடு அழிந்துபோய்விட்டது என்று சொன்னேன்.

"பன்னி அழிஞ்சிபோச்சா? எந்த ஊருடி இது? இன்னா மருந்து வெச்சாங்கன்னு கேட்டு வாங்கியா. நம்ம கரும்பு பாதிய அதுங்கதான் துன்னுது" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நிமிஷம் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. பன்றிக்கு நான் அப்படி அடிக்கவில்லையே. சட்டியைத் தூக்கிவிட்டுத் தாளை உருவினேன், வெள்ளிக்கிழமை சார் பார்த்து அனுப்பிய அதே பக்கம். பன்றி போய்ச் சேர்ந்தது என்று இருந்தது. அதற்கு மேல் வரியில் மேற்கத்திய கறுப்புக் காண்டாமிருகம். அது நிஜமாகவே போய்ச் சேர்ந்த இனம், கடைசியாக அது வாழ்ந்தது கேமரூனின் வடக்குப் பகுதியில்தான். அதற்கு எதிரே 'கொஞ்சம் கஷ்டம்' என்று இருந்தது. கொரில்லா, இழுத்துக்கினு கெடப்பது, கொஞ்சம் கஷ்டத்துக்குத் தேறியிருந்தது. கடல்பசு பாவம், யானையின் கதியை வாங்கிக்கொண்டு கிடந்தது. யானை? காட்டு யானைக்குக் கவலை இல்லை. ரசம் வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அங்கே அச்சு ஓட ஆரம்பித்துவிடும். யானைக்குக் கவலை இல்லை என்று படித்துவிட்டுக் காவலுக்குப் போகிறவன் யானையை எப்படிப் பார்ப்பான்? சாரை நேரில் பார்த்தால்தான் ஆகும் என்று எங்க வீட்டுக்காரரின் மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவர் பன்றியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்குள் வேறு பேச்சு ஓடியது. பைலில் கடைசியாகக் கை வைத்தவர் யார் என்று கம்ப்யூட்டர் காட்டும், அது புஷ்பா பெயரைத்தான் காட்டும். நான் வாயே திறக்க வேண்டாம், என் பெயர் அதில் வராது. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து மங்கலம் வரைக்கும் இதை நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். மங்கலம் தாண்டுகிறபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அந்தச் சுழி யார் போட்டது? அவளுக்கென்ன பிள்ளையார் வேண்டுதலா?

சார் வீட்டில் பூசை முடிந்து, பிரியாணி முடிந்து, பனியனோடு உட்கார்ந்திருந்தார். "வாம்மா, தம்பி வாப்பா" என்று சிரித்தார். நான் சொல்லச் சொல்ல முகம் மாறியது. "உக்காருங்க" என்றார். முடித்தபோது, "அந்தத் தாளக் குடுங்க மேடம்" என்றார். வீட்டிலும் அவருக்கு ஒரு ஸ்கேல் இருந்தது. குழம்புக் கறை படிந்த தாளில் ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. காண்டாமிருகத்தில் நின்றது.

"வெள்ளிக்கிழமை அனுப்பினோம். ஞாயித்துக்கிழமை உயிர்த்தெழுந்துட்டாரு" என்றார்.

சட்டையை மாட்டினார், மேனேஜரைக் கூப்பிட்டு ஆபீசைத் திறக்கச் சொன்னார், அச்சை நிறுத்தச் சொல்லி மெயில் போனது. திங்கள் காலையில் புத்தகம் போடுகிற வெள்ளைக்காரக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அச்சு நின்றுவிட்டது, ஆனால் தப்புக்கு என்ன காரணம் என்று ஒரு படிவம் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும், அதைப் பேராசிரியரும் பார்க்க விரும்புகிறார்.

படிவத்தில் மூன்று கட்டம். காரணம் என்ன, பொறுப்பு யார், இனி என்ன செய்வீர்கள். மென்பொருள் கோளாறு என்று எழுதிவிடலாம் என்றார் மேனேஜர். அதற்கு வாய் இல்லை என்பதால்தானே எல்லாரும் அதன் மேலேயே பழி போடுகிறீர்கள் என்றார் சார். அப்படியென்றால் பைலில் கடைசியாகக் கை வைத்தவர் பெயரைப் போடுங்கள் என்றார் மேனேஜர். புஷ்பா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். டிபன் பாக்ஸைப் பையில் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். என் காதருகே வந்து, "என் பேரயே போட்டுடு வளரு. உம்பேருல ஒரு புள்ளிகூட இல்ல, ஏன் கெடுத்துக்கினு" என்றாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. போடி என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

பிள்ளையார் சுழியை வெள்ளைக்காரர்களுக்கு விளங்குகிற மாதிரி ஒரு படிவத்தில் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும் கஷ்டம். முதலில் 'சின்ன வட்டமான குறி ஒன்று' என்று எழுதினேன். ஏன் வைத்தீர்கள் என்று கேட்பார்கள் என்றார் சார். 'தடைகளை நீக்குகிற, யானைத் தலை கொண்ட கடவுளின் அடையாளம்' என்று மாற்றினேன். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, தடையை நீக்க வைத்ததே தடை ஆகிவிட்டது என்று எழுதுகிறீர்களே, கம்பெனி மானம் கப்பலேறிவிடும் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். 'வேலை முடிந்ததும் அவரைக் கரைப்பது எங்கள் வழக்கம்; இந்த முறை பாதிதான் கரைந்தார்' என்று முடித்தேன். பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயர். அதற்குக் கீழே சார் தன் பெயரை எழுதினார், தலை, இடுப்பு, கால் பார்த்தது நான்தானே என்று. நாங்கள் தடுப்பதற்குள் புஷ்பாவும் எழுதிவிட்டாள். இனி என்ன செய்வீர்கள் என்பதற்கு, 'இனிமேல் கடவுளை அட்டவணைக்கு வெளியே வைப்போம்' என்று எழுதினோம். வைக்கவே மாட்டோம் என்று எழுத யாருக்கும் கை வரவில்லை.

அவர்கள் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னாலும் மூன்று பேருக்கும் புள்ளி வைப்பேன் என்றார் மேனேஜர். எனக்கும் சாருக்கும் அது முதல் புள்ளி. புஷ்பாவுக்கு மூன்றாவது. ரெண்டு நாள் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமும் நான் கண்டக்டர் பக்கமும் பார்த்துக்கொண்டு போனோம்.

புதன்கிழமை பேராசிரியரின் பதில் வந்தது, பிரெஞ்சில். சார் அதைப் பிரிண்ட் எடுத்து, ஸ்கேலை அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். மேனேஜர் நின்றுகொண்டே கேட்டார்.

"உங்கள் படிவத்தை மூன்று முறை படித்தேன். யானையின் கடவுள் யானைக்குக் கவலை இல்லை என்று எழுதிக்கொண்டதில் எனக்கு வியப்பு இல்லை. யானைக்கு மேல் வரியில் இருந்தது பாறை ஹைராக்ஸ். பார்க்கப் பெருச்சாளி போல இருக்கும், ஆனால் யானைக்கு அது நெருங்கிய உறவு. அவர் அதனிடமிருந்துதான் நிலையை வாங்கிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்லுங்கள், நாங்கள் முயன்றுகொண்டுதான் இருக்கிறோம்."

பெருச்சாளி என்றதும் நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளையாரின் வாகனம் எது என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. சார் ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்கினார்.

"அந்தக் காண்டாமிருகத்தைத் தேடி வடக்கே போன குழுவில் நானும் இருந்தேன். மாதக்கணக்கில் நடந்தோம். ஒரு கால்தடம்கூடக் கிடைக்கவில்லை. உங்கள் அட்டவணையில் அது உயிரோடு இருந்தது. திருத்துவதற்கு முன் அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலிலிருந்து பெயர்கள் உதிர்வதைப் பார்ப்பதே என் வேலையாகப் போய்விட்டது. உங்கள் படிவத்தில் இருக்கும் மூன்று பெயர்களில் எதுவும் உதிர வேண்டாம்."

அப்படியென்றால் புள்ளி வைக்க வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டார். "தாராளமா எடுத்துக்கலாம் மொசியே" என்றார் சார், அந்த 'ஐயா'வையே பிரெஞ்சில். மூடி வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டு, "அடுத்த வேலைய எடும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த 'ம்மா'வைக் கேட்டதும் பாத்ரூமுக்குப் போய்ப் பத்து நிமிஷம் அழுதேன். வெளியே வந்தால் புஷ்பா அடுத்த கதவிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள்.

அதற்கப்புறம் சார் தலை, இடுப்பு, கால் பார்ப்பதை விட்டுவிட்டார். மூன்று வரித் திருத்தம் என்றாலும் முப்பது வரியையும் பார்ப்பார். அடுத்த வருஷம் அவரும் ரிடையர் ஆனார். இன்றைக்குக் கம்ப்யூட்டர் பச்சை டிக் காட்டினால் போதும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதல் வரியும் நடு வரியும் கடைசி வரியும் சரியாக இருந்துகொண்டே ஒரு நாட்டின் யானை மொத்தமும் தப்பாக இருக்க முடியும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன், குழம்புச் சட்டிக்கு அடியில்.

என் வழியனுப்பு விழாவுக்கு சார் வந்திருந்தார். மாலை, கேக், மேனேஜரின் பேச்சு எல்லாம் முடிந்தது. கடைசியில் புஷ்பா, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு அட்டவணையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். எங்கள் பிரிவு ஆட்களின் பெயர்கள், எதிரே நிலை. சார் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலையே ஸ்கேலாக வைத்துப் படிக்க ஆரம்பித்தார். முதல் வரியில் அவர் பெயர், அதற்கு நேரே ஒரு உ.

"இங்க ஒரு சின்ன சந்தேகம். பிள்ளையாரைக் கரைக்கலையா?" என்றார்.

"கரைக்கல சார். இருக்கட்டும்" என்றாள் புஷ்பா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் ஒரு படி இறங்கி நின்றது. சாருக்குரியது மேனேஜர் தலையில் விழுந்து மேனேஜர் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவருக்கு அடுத்து என் பெயர். ரிடையர் ஆகிறவளுக்கு என்ன நிலை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் எனக்கு நேரே 'கவலை இல்லை' என்று இருந்தது. எனக்குக் கீழே புஷ்பா. அவள் பெயருக்கு நேரே 'போய்ச் சேர்ந்தது'. அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேலை இருக்கிறது.

"அடியே, எனக்கு வர வேண்டியது உன் தலையில விழுந்திருக்குது பாரு" என்றேன்.

வாயில் இருந்த வடையை மென்று முழுங்கிவிட்டு அவள் சொன்னாள்: "தெரிஞ்சிதான் போட்டேன். அன்னிக்கு எனக்கு வந்தத நீ வாங்கிக்கல? இது என் முறை. நீ கவலை இல்லாம வூட்டுக்குப் போ."